ஆட்டோ டிராக்கிங்: நகர்வது ஹெட் அல்ல

ஜூன் 12, மாலை 6.20 (வாசகர் கேள்வி)

என்னிடம் இரண்டு வி.எச்.எஸ். வீடியோ கேசட் கருவிகள் இருக்கின்றன. பழையதில் டிராக்கிங் குமிழ் உண்டு. நடுவில் கொண்டுவந்தால் 'டக்' என்று நிற்கும். புதியதில் குமிழ் கிடையாது, ஆட்டோ டிராக்கிங். கேசட்டைப் போட்டதும் ஒரு புள்ளிப் பட்டை திரையில் ஏறி இறங்கி, பிறகு மறையும். டேப் சுற்றிக்கொள்ளும் டிரம்முக்குள் ஒரு சிறிய மோட்டார் இருந்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டை மேலும் கீழும் நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்துகிறது என்பது என் கருத்து. இப்போது அந்த மோட்டார் பழுதாகிவிட்டது போலிருக்கிறது. திரையின் உச்சியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு நிற்கிறது. எத்தனை முறை போட்டாலும் போகவில்லை. மோட்டாரை மட்டும் தனியாக மாற்ற முடியுமா?

ஜூன் 12, இரவு 9.40

இல்லாத மோட்டாரை எப்படி மாற்றுவது?

டிரம்மின் குறுக்களவு 62 மி.மீ. பால் முறையில் (பசுவுக்குச் சம்பந்தமில்லாத பால், இந்தியாவில் இருந்த அனலாக் தொலைக்காட்சி முறை) அது விநாடிக்கு 25 முறை சுற்றுகிறது. எதிரெதிராக இரண்டு ஹெட்டுகள். ஒவ்வொன்றும் டேப்பின் மீது சாய்வாக ஒரு கோடு எழுதிக்கொண்டு போகிறது. ஒரு கோட்டில் ஒரு ஃபீல்டு, அதாவது பாதிப் படம். கோட்டின் அகலம் 49 மைக்ரான். கோட்டை ஒட்டியே அடுத்த கோடு. நடுவில் வரப்பு கிடையாது.

பார்க்கும்போது ஹெட் அதே கோட்டின் மேல் ஓட வேண்டும். ஆனால் ஹெட் டிரம்மோடு திருகப்பட்டது, அதன் பாதை மாறாது. மாற்றக்கூடியது ஒன்றுதான்: ஹெட் வந்து சேரும் கணத்தில் டேப் எங்கே இருக்கிறது என்பது. டேப்பை இழுப்பது கேப்ஸ்டன். ஆகவே கேப்ஸ்டனை ஒரு நூலிழை முந்தவோ பிந்தவோ வைத்தால் போதும். கயிறு சுற்றும்போது உள்ளே குதிக்கிற பிள்ளை கயிற்றைத் தொடுவதில்லை, நேரம் பார்த்துக் குதிக்கிறது. அவ்வளவுதான் டிராக்கிங்.

நேரம் எப்படித் தெரியும்? டேப்பின் கீழ் விளிம்பில் கண்ட்ரோல் டிராக் என்று ஒரு மெல்லிய தடம் உண்டு. பதிவு செய்யும்போதே ஃபிரேமுக்கு (இரண்டு ஃபீல்டு சேர்ந்த முழுப் படத்துக்கு) ஒன்று வீதம் அதில் துடிப்புகள் எழுதப்படுகின்றன. பார்க்கும்போது கருவி அந்தத் துடிப்பையும் டிரம்மின் சுழற்சியையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் நடுவே குறிப்பிட்ட தாமதம் இருக்கும்படி கேப்ஸ்டனை ஓட்டுகிறது. உங்கள் பழைய கருவியின் குமிழ் மாற்றியது இந்தத் தாமதத்தைத்தான். புதியதில் அதே எண் ஒரு சிப்புக்குள் இருக்கிறது. குமிழைத் திருப்பும் கை மட்டும் மாறியிருக்கிறது.

ஜூன் 12, இரவு 11.55

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பால் முறையில் சாதாரண வேகத்தில் டேப் விநாடிக்கு 23.39 மி.மீ. நகர்கிறது. ஒரு ஃபீல்டு 20 மில்லிவிநாடி, அதற்குள் 0.468 மி.மீ. நகர்ந்துவிடும். கோடுகளின் சாய்வு ஏறத்தாழ 6 பாகை. சைன் மதிப்பால் பெருக்கினால் 0.0486 மி.மீ. அதாவது 49 மைக்ரான். கோட்டின் அகலம் எங்கிருந்து வந்தது என்று பல ஆண்டுகள் யோசித்ததே இல்லை. டேப்பின் வேகமும் சாய்வும் சேர்ந்து அதைத் தீர்மானித்துவிடுகின்றன.

இதையே திருப்பிப் போட்டால், தாமதத்தை 1 மில்லிவிநாடி மாற்றும்போது ஹெட் கோட்டிலிருந்து 2.4 மைக்ரான் விலகும். 10 மில்லிவிநாடி மாற்றினால் ஹெட் பாதி தன் கோட்டிலும் பாதி அடுத்தவன் கோட்டிலும் ஓடும். 20 மாற்றினால் முழுக்க அடுத்தவன் கோடு.

அங்கே படம் தெரியாது. ஒவ்வொரு ஹெட்டின் நுனியிலும் எழுதிப் படிக்கும் மெல்லிய பிளவு உண்டு. இரண்டு ஹெட்டுகளின் பிளவுகளும் ஒன்று 6 பாகை இந்தப் பக்கமும் மற்றது 6 பாகை அந்தப் பக்கமும் சாய்க்கப்பட்டிருக்கின்றன. அசிமத் என்று சொல்வார்கள். ஒருவன் எழுதியதை மற்றவனால் படிக்க முடியாது. வரப்பில்லாமல் கோடுகளை நெருக்கி எழுத முடிவதே இதனால்தான்.

ஜூன் 13, காலை 7.10

நேற்று 'ஹெட்டின் பாதை மாறாது' என்று அடித்துச் சொல்லிவிட்டேன். வி.எச்.எஸ். மட்டும் என்றால் சரி. பொதுவாகச் சொன்னால் பொய்.

பிலிப்ஸும் கிரண்டிக்கும் 1979இல் கொண்டுவந்த வீடியோ 2000 முறையில் ஹெட் உண்மையிலேயே நகர்ந்தது. மோட்டார் அல்ல, மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீசோ தகடு. அதன் நுனியில் ஹெட். சுற்றிக்கொண்டிருக்கும்போதே தகடு வளைந்து ஹெட்டைக் கோட்டின் மேல் வைத்துக்கொள்ளும். அந்தக் கருவிகளில் டிராக்கிங் குமிழும் இல்லை, டேப்பில் கண்ட்ரோல் டிராக்கும் இல்லை.

ஆகவே கேள்வி கேட்டவர் கற்பனை செய்தது இருந்திருக்கிறது, வேறு வீட்டில். நேற்று நான் கொஞ்சம் எகத்தாளமாக எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மோட்டார் இல்லை என்ற பகுதியை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 13, காலை 7.45

அந்த முறையில் எனக்குப் பிடித்த இடம் தகடு அல்ல. திசை தெரிவதுதான்.

ஒவ்வொரு கோட்டிலும் படத்தோடு சேர்த்து ஒரு தாழ்ந்த அலைவெண் எழுதப்படும். மொத்தம் நான்கு அலைவெண்கள், வரிசையாக. ஹெட் தன் கோட்டில் ஓடும்போது இரு பக்கத்துக் கோடுகளின் ஒலியும் லேசாகக் கேட்கும். இடது பக்கத்துவீட்டுச் சத்தம் கூடுதலாகக் கேட்டால் இடதுபுறம் விலகியிருக்கிறோம் என்று பொருள். சோனி 1985இல் கொண்டுவந்த வீடியோ 8 முறையிலும் இதே நான்கு அலைவெண் உத்தி உண்டு. அங்கே ஹெட்டை வளைக்காமல் கேப்ஸ்டனைத் திருத்திக்கொள்வார்கள்.

வி.எச்.எஸ்.இல் இந்த வசதி கிடையாது. ஹெட்டிலிருந்து வரும் அலை வலுவாக இருக்கிறதா, வலுக் குன்றியிருக்கிறதா என்பது மட்டும் தெரியும். குன்றியிருந்தால் எந்தப் பக்கம் விலகியிருக்கிறோம்? தெரியாது. தேடிப் பார்த்தால்தான் உண்டு. நீங்கள் திரையில் பார்த்த, ஏறி இறங்கிய பட்டை அந்தத் தேடல்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு மேட்டின் உச்சியைக் காலால் தடவிக் கண்டுபிடிப்பது போல.

ஜூன் 14, இரவு 8.30

தடவுவதை நேரில் பார்த்தேன். மேல்மூடியைக் கழற்றி, சர்க்யூட் போர்டில் 'என்வலப்' என்று குறித்திருந்த சோதனைப் புள்ளியில் பழைய முள் மீட்டரை மாட்டினேன். இந்தப் புள்ளியில் வருவது படமல்ல. ஹெட்டிலிருந்து வரும் எஃப்.எம். அலை எவ்வளவு உயரம் என்பதைச் சொல்லும் நேர்மின்னழுத்தம். இதே கம்பி கட்டுப்பாட்டுச் சிப்புக்கும் போகிறது.

கேசட் உள்ளே இறங்கியது. டேப் டிரம்மைச் சுற்றிக்கொண்டது. முள் பாதியில் நின்றது. பிறகு படிப்படியாகக் கீழே விழுந்தது. ஒவ்வொரு படியிலும் அரை விநாடிக்கும் குறைவாக நின்று யோசித்தது. அடிமட்டத்தில் திரும்பி மேலே ஏறியது, உச்சியைத் தொட்டது, அங்கேயே நிற்காமல் மறுபக்கம் இறங்கியது. கடைசியில் உச்சிக்கு வந்து அசையாமல் நின்றது. திரையிலும் பட்டை கூடவே ஏறி இறங்கியது. நான்கைந்து விநாடிகளுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏழெட்டு முறை கேசட்டை எடுத்துப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோரும் தூங்கப் போய்விட்டார்கள்.

உச்சியைத் தாண்டி மறுபக்கம் ஏன் இறங்குகிறது என்று முதலில் புரியவில்லை. கிடைத்த இடத்திலேயே நின்றுவிடலாமே? பிறகு குமிழை வைத்த கருவியில் கையால் திருப்பிப் பார்த்தபோது புரிந்தது. உச்சி கூர்மையாக இல்லை, மொட்டையாக இருக்கிறது. ஹெட்டின் அகலமும் கோட்டின் அகலமும் ஒன்றாக இல்லாவிட்டால், கொஞ்சம் விலகினாலும் அலையின் உயரம் அப்படியே இருக்கும். அந்தச் சமதளத்தின் ஓரத்தில் நின்றால் டேப் சிறிது ஆடினாலே பள்ளத்தில் விழுந்துவிடும். ஆகவே இரு பக்கச் சரிவையும் கண்டுபிடித்து நடுவில் நிற்பதே புத்திசாலித்தனம். எல்லாக் கருவிகளும் இப்படிச் செய்வதில்லை. 'கூடுகிறதா, இன்னும் போ. குறைகிறதா, திரும்பு' என்று மட்டும் நடப்பவையும் உண்டு.

ஜூன் 14, இரவு 8.50

ஒன்றை விட்டுவிட்டேன். சிப் படத்தைப் பார்ப்பதே இல்லை. திரையில் இருப்பது கல்யாணமா கிரிக்கெட்டா என்பது அதற்குத் தெரியாது. ஒரு மின்னழுத்தம் தெரியும். ஒரு தாமதத்தை மாற்றத் தெரியும். கேள்வி கேட்டவரின் உச்சிக்கோடு பற்றி எழுத உட்கார்ந்தால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாளை.

ஜூன் 16, மாலை 5.15

நாளை என்றேன், நாள் இரண்டு ஓடிவிட்டது.

திரையின் உச்சியில் மட்டும் நிற்கும் கோடு டிராக்கிங் கோளாறு அல்ல. டிராக்கிங் தவறினால் ஹெட் டேப்பில் உள்ள கோட்டின் முழு நீளத்துக்கும் ஒரே அளவு விலகும். கோட்பாட்டின்படி முழுத் திரையும் மங்க வேண்டும். ஒரு மூலையில் மட்டும் கோடு நிற்கிறது என்றால் டேப் அந்த இடத்தில் கோணலாகப் போகிறது. கோணலைத் தாமதத்தால் நிமிர்த்த முடியாது.

டிரம்மின் இரு பக்கமும் ஒவ்வொரு கைடு உருளை உண்டு. டேப் எந்த உயரத்தில் டிரம்முக்குள் நுழைகிறது, எந்த உயரத்தில் வெளியேறுகிறது என்பதை இவை தீர்மானிக்கின்றன. நுழைவாயில் பக்கத்து உருளை தவறினால் திரையின் மேல்பகுதி கெடும். வெளியேறும் பக்கத்து உருளை தவறினால் கீழ்ப்பகுதி. அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் இருந்தால் இன்னும் தெளிவு: சரியான கருவியில் என்வலப் செங்கல் போல நீள்சதுரமாக இருக்கும். டிராக்கிங்கை மாற்றினால் செங்கல் மொத்தமாகக் குட்டையாகும். உருளை தவறியிருந்தால் செங்கல்லின் ஒரு முனை கரையும்.

பாவம், அந்தச் சிப்புக்குத் தெரிவது செங்கல்லின் சராசரி உயரம் மட்டுமே. முனை கரைந்த செங்கல்லையும் அது தன்னால் இயன்ற உயரத்தில் நிறுத்திவிட்டு, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறது. உங்கள் ஆட்டோ டிராக்கிங் பழுதாகவில்லை.

ஜூன் 16, மாலை 5.40

உருளையைத் திருகப் போகாதீர்கள். முதலில் சொல்லியிருக்க வேண்டியது.

நான் ஒருமுறை திருகினேன். பொருத்தமில்லாத திருப்புளி, கால் சுற்று. 'தவறினால் திரும்பக் கால் சுற்று' என்பது திட்டம். கால் சுற்று என்று நான் நினைத்ததும் உருளை நினைத்ததும் ஒன்றல்ல. ஒரு வாரம் கழித்துத்தான் விபரீதம் புரிந்தது: அந்தக் கருவி தான் பதிந்த கேசட்டுகளை அழகாகக் காட்டியது, வெளியிலிருந்து வந்த எதையும் காட்டவில்லை. கோணலாகவே எழுதிக் கோணலாகவே படித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 17, மதியம் 1.05

இந்த இழையில் இன்னொருவர் கேட்டிருக்கிறார்: அடுத்தவன் கோட்டையும் தாண்டி இன்னும் 20 மில்லிவிநாடி போனால் என்ன ஆகும்?

மறுபடி நம்மவன் கோடு, அடுத்த ஃபிரேமினுடையது. படம் நன்றாகத் தெரியும். ஆகவே 'உச்சி' என்று நான் எழுதியது தவறு. 40 மில்லிவிநாடிக்கு ஒருமுறை உச்சி வந்துகொண்டே இருக்கிறது. அது மலையல்ல, மலைத்தொடர். சிப் ஒரு ஃபிரேம் அகலத்துக்குள் தேடினால் போதும், கட்டாயம் ஓர் உச்சி சிக்கும்.

கண்ட்ரோல் டிராக்கைப் படிக்கும் கண்ட்ரோல் ஹெட் டிரம்மிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு வி.எச்.எஸ். தரம் ஓர் அளவு வைத்திருக்கிறது: 79.244 மி.மீ. மூன்றாம் தசமம் வரை ஏன் என்று சிரித்திருக்கிறேன். 12ஆம் தேதிக் கணக்கைப் பாருங்கள். கண்ட்ரோல் ஹெட் 0.1 மி.மீ. தள்ளியிருந்தால் 10 மைக்ரான் விலகல். கோட்டில் ஐந்தில் ஒரு பங்கு. டிராக்கிங் என்ற வசதியே இதற்காகத்தான். இரண்டு கருவிகளில் இந்தத் தூரம் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே கருவியில் பதிந்து அதிலேயே பார்த்தால் குமிழைத் தொட வேண்டியதில்லை.

நீண்ட நேரப் பதிவுகளில் நிலைமை இன்னும் இறுக்கம். அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையின் மிக மெதுவான வேகத்தில் கோட்டின் அகலம் 19 மைக்ரான்தான். அங்கே அதே பத்து மைக்ரான் பாதிக் கோடு.

ஜூன் 17, இரவு 10.30

டேப்பின் கீழ் விளிம்பு கசங்கியிருந்தால்? ஒரு கேசட் என்னிடம் உண்டு. எப்போதோ ஒரு கருவி டேப்பைத் தின்று துப்பியிருக்கிறது. கீழ் ஓரம் பாவாடைச் சுருக்கம் போல மடிமடியாக இருக்கிறது. சாய்கோடுகள் நடுவில் இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிட்டன. ஆனால் கண்ட்ரோல் துடிப்புகள் விடுபடுகின்றன. கேப்ஸ்டனுக்கு எந்தத் துடிப்பை நம்புவது என்று தெரியவில்லை. படம் நாலு விநாடி நிற்கும், நாலு விநாடி உருளும். ஆட்டோ டிராக்கிங் ஒவ்வொரு முறையும் பதறியடித்துத் தேடலைத் தொடங்கும். தேடி முடிப்பதற்குள் அடுத்த மடிப்பு வந்துவிடும்.

படம் டேப்பில் இருக்கிறது, நேரம்தான் இல்லை.

ஜூன் 19, காலை 6.50

ஹை-ஃபை ஒலி பற்றி ஒரு சொல். அந்த ஒலியும் டிரம்மில் உள்ள தனி ஹெட்டுகளால், படத்துக்கு அடியில் ஆழமாக எழுதப்படுகிறது. ஆகவே டிராக்கிங் தவறினால் ஒலியும் கெடும்: முதலில் வண்டு ரீங்காரம், அதுவும் தாங்காவிட்டால் கருவி தானாகவே விளிம்பிலிருக்கும் சாதாரண ஒற்றை ஒலித்தடத்துக்கு மாறிவிடும். எரிச்சலூட்டுவது என்னவென்றால், படம் நன்றாக இருக்கும் தாமதமும் ஒலி நன்றாக இருக்கும் தாமதமும் சில கேசட்டுகளில் ஒன்றாக இருப்பதில்லை. கருவி ஒரு சமரசத்தில் நிற்கும். பாட்டுக் கச்சேரி என்றால் நான் கையால் ஒலியின் பக்கம் தள்ளிவிடுவேன்.

ஜூன் 19, இரவு 9.20

தானாகவா, கையாலா என்ற பழைய சண்டை. சும்மா உட்கார்ந்து பார்க்கத் தானாகவே போதும். என்னைவிட அது வேகம். கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது மட்டும் நான் அதை நம்புவதில்லை. குடும்ப வீடியோக்களில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு விட்டுவிட்டுத் தொடங்கியிருக்கும், சிலவற்றில் நடுவிலேயே வேறு கருவியின் பதிவு வரும். ஒவ்வொரு ஒட்டிலும் சில கருவிகள் மறுபடி தேடத் தொடங்கும். பாட்டி சிரிக்கும் மூன்று விநாடியில் பட்டை ஏறி இறங்கும். பொத்தானை ஒருமுறை அழுத்திக் கைமுறைக்கு மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. கேசட்டை வெளியே எடுத்தால் பெரும்பாலான கருவிகள் அந்த அமைப்பை மறந்துவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

ஜூன் 22, மாலை 4.00

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். மூடியைத் திறந்து பார்த்தாராம். நுழைவாயில் பக்கத்து உருளை ஏறிவரும் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாக இருந்திருக்கிறது. உருளை கடைசி ஒரு மில்லிமீட்டர் தூரம் போகாமல், பிடிப்பில் முழுக்க உட்காராமல் நின்றிருக்கிறது. சுரண்டித் துடைத்துப் புது கிரீஸ் தடவினார், கோடு போய்விட்டது. திருப்புளியைத் தொடவில்லை. நல்ல மனிதர்.

ஜூன் 23, காலை 8.15

இப்போது வேறு சிக்கல். கடந்த இரண்டு ஆண்டுகளில் அதே கருவியில் அவர் பதிந்த கேசட்டுகள் எல்லாவற்றிலும் உச்சியில் கோடு வருகிறதாம். இதுவரை அவற்றில் கோடே இருந்ததில்லை.

இது என் தவறு. கோணலாக எழுதிக் கோணலாகப் படித்த கருவியைப் பற்றி 16ஆம் தேதியே எழுதியிருக்கிறேன். துடைப்பதற்கு முன் சொந்தப் பதிவுகளைப் பிரதியெடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

இனி ஒரே வழி, நான் வேண்டாம் என்று சொன்ன வழிதான். உருளையின் தலையிலும் அதன் பக்கத்தில் திரும்பாமல் நிற்கும் பாகத்திலும் ஒரே நேர்க்கோட்டில் நகப்பூச்சால் புள்ளி வையுங்கள். அதை அடியில் இறுக்கிப் பிடித்திருக்கும் சிறு திருகைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பழைய கேசட்டை ஓடவிட்டு, திரையின் உச்சியைப் பார்த்தபடி உருளையை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். கோடு போனதும் கையை எடுங்கள். பிரதியெடுத்து முடித்ததும் புள்ளியோடு புள்ளி சேரும்வரை திருப்பி, திருகை இறுக்குங்கள். ஆட்டோ டிராக்கிங்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். நீங்கள் ஒரு பக்கம் திருப்ப, அது ஒரு பக்கம் தேட, இரண்டு பேரும் சேர்ந்து விடியும்வரை சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

ஜூன் 25, இரவு 9.05

எட்டில் ஒரு சுற்றுதான் தேவைப்பட்டதாம், கோடு போய்விட்டது, ஆறு கேசட் முடிந்தது, இன்னும் நான்கு இருக்கிறதாம். புள்ளி வைத்தீர்களா என்று கேட்டேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.